இம்பார்ட்டன்ட் போட்டும் என் நிறம் எடுபடவில்லை: ஆலைத் தளத்தின் சிவப்பு, பச்சைப் புள்ளிகள்

கேட்பவர்: எடைமேடை கிராணி, சுங்கை சிப்புட்

வணக்கம். லிந்தாங் சாலைப் பக்கம், சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் நிலையத்தில் கிராணியாக இருக்கிறேன். லோரியை மேடையில் ஏற்றி, எடை எழுதி, டிக்கெட் போட்டு அனுப்புவேன். ஆலையில் தரம் பார்த்து, எந்த டிக்கெட்டை ஏற்றார்கள், எதை மறுத்தார்கள் என்று அவர்களுடைய இணையத்தளத்தில் போடுவார்கள். அதைப் பார்த்துத்தான் தோட்டக்காரருக்கு நான் தகவல் சொல்ல வேண்டும்.

அந்தத் தளத்தில் ஏற்றதற்குப் பச்சைப் புள்ளி, மறுத்ததற்குச் சிவப்புப் புள்ளி. பக்கத்தில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. இரண்டும் காய்ந்த வாழைச்சருகு நிறமாகத்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்தபோது மருத்துவர் புள்ளிப் புள்ளியாக எண்கள் உள்ள இஷிஹாரா புத்தகத்தைக் காட்டினார். முதல் பக்கத்தில் 12 தெரிந்தது. அது எல்லோருக்கும் தெரியுமாம். அடுத்த பக்கங்களில் எனக்குப் பெரும்பாலும் வெறும் புள்ளிகள்தான்.

குலை பார்ப்பதில் எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை. அப்பா முப்பது வருடம் தோட்டத்தில் குலை வெட்டியவர். நிறத்தைப் பார்க்காதே, உதிர்ந்த பழத்தைப் பார் என்று சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்தார். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தர விதியிலும், பழுத்த குலை என்றால் குறைந்தது பத்துப் பழமாவது உதிர்ந்த குழி இருக்க வேண்டும். குனிந்து விரலால் தடவியே எண்ணிவிடுவேன். திரையில் தடவிப் பார்க்க என்ன இருக்கிறது?

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், மறுத்த டிக்கெட்டை ஏற்றது என்று படித்துவிட்டேன். ஒன்றரை டன் குலை. "சரிம்மா, ஏத்துக்கிட்டாங்க" என்று தோட்டக்கார அம்மாவுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். சாயங்காலம் அந்த லோரி குலையோடு எங்கள் வாசலில் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவும் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். காலையில் என் பேச்சை நம்பி, மளிகைக் கடைக்காரரிடம் அன்றைக்கே பாக்கியை அடைப்பதாகச் சொல்லியிருந்தார். என்னைத் திட்டவில்லை. குலையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்று இரவே, இணையப் பக்கத்தின் நிறத்தையும் அமைப்பையும் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ் படிக்க உட்கார்ந்தேன்.

குரோம் உலாவியில், தளங்களின் தோற்றத்தை மாற்ற உதவும் ஸ்டைலஸ் என்ற நீட்சியைப் போட்டு, அந்தத் தளத்துக்கு மட்டும் சொந்தமாக ஒரு ஸ்டைல் ஷீட் (சிஎஸ்எஸ் வரிகளின் தொகுப்பு) எழுதினேன். ஏற்றதற்கு நீலம், ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) கணக்கில் 0, 114, 178. மறுத்ததற்கு ஆரஞ்சு, 230, 159, 0. ஜப்பானைச் சேர்ந்த ஓக்காபே, ஈத்தோ இருவரும் என்னைப் போன்ற கண்களுக்கும் பிரிந்து தெரியும்படி தேர்ந்தெடுத்த நிறங்கள் அவை. அதற்குப் பிறகு ஒரு டிக்கெட்கூடத் தப்பாகப் படித்ததில்லை.

போன திங்கட்கிழமை தளத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். மறுபடியும் எல்லாம் வாழைச்சருகு.

நான் செய்து பார்த்தவை இவை. புள்ளிகளைக் குறிக்கும் பழைய கிளாஸ் பெயர்கள் போய், ஐந்தாறு எழுத்தைக் கலைத்துப் போட்ட மாதிரிப் பெயர்கள் வந்திருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்து மாற்றி எழுதினேன். ஷீட் ஓடுகிறதா என்று பார்க்கப் பக்கம் முழுவதற்கும் தடித்த நீலக் கரை போட்டேன். கரை வருகிறது. ஆக, ஷீட் உள்ளே போகிறது. பேக்கிரவுண்ட் கலருக்கு, மற்ற வரிகளை மீறச் சொல்லும் இம்பார்ட்டன்ட் குறியைப் போட்டேன். எஃப் 12 அழுத்தி உலாவியின் சோதனைக் கருவியில் பார்த்தால் என் வரி குறுக்குக் கோடு போட்டு அடிபட்டுக் கிடக்கிறது. பலம் போதவில்லை போலிருக்கிறது என்று அட்டவணையின் ஐடியையும் (அதற்கே உரிய தனிப்பெயர்) முன்னால் சேர்த்தேன், ஒரே கிளாஸை மூன்று தடவை அடுத்தடுத்தும் எழுதினேன். அப்போதும் அடிபடுகிறது. ஒரே ஒரு கிளாஸ் வைத்த அவர்களுடைய வரி, ஐடி வைத்த என் வரியை எப்படி ஜெயிக்கிறது?

ஆலையின் தளம் என்பதால் குறியீட்டை அப்படியே ஒட்டவில்லை, சொல்லில் எழுதியிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த வாரம் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கடைப் பையனைக் கூப்பிட்டு நிறம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதில்: கம்பார் இணையப் பையன்

அண்ணே, இன்லைன் ஸ்டைலா இருக்கும். எச்டிஎம்எல் டேகிலேயே நிறம் எழுதியிருந்தால் இம்பார்ட்டன்ட் போட்டால் போதும், சரியாகிவிடும். இல்லாவிட்டால் விண்டோஸிலேயே நிற வடிகட்டி இருக்கிறது. அமைப்புகளில் அணுகல்தன்மைக்குப் போங்கள், சிவப்பு, பச்சைக் குறைக்கென்றே தனித் தேர்வு உண்டு.

எடைமேடை கிராணி

தம்பி, நன்றி. டேகில் நிறம் எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன். இம்பார்ட்டன்டும் போட்டாயிற்று. விண்டோஸ் வடிகட்டியை ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன். அதே திரையில்தான் எடைமேடைக் கேமராவும் ஓடுகிறது, அதன் நிறமும் சேர்ந்து மாறிப்போகிறது. என் பக்கத்தில் உட்காரும் அக்காவுக்கும் அதே கணினிதான், அவருக்குக் கண் கூசுகிறதாம். எனக்கு மாற வேண்டியது பத்துப் பிக்சல் புள்ளி ஒன்றுதான்.

பதில்: பீடோர்க்காரி, இப்போது பினாங்கு

அண்ணே, கேள்வியை இவ்வளவு விவரமாக எழுதியதற்கு முதலில் நன்றி. கரை போட்டுப் பார்த்தது ரொம்ப நல்ல வேலை. ஷீட் ஏறவே இல்லை என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது.

ஒன்றே ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். எஃப் 12-இல் ஸ்டைல்ஸ் பகுதியில் ஜெயிக்கிற வரி, அதாவது அடிபடாத வரி எது என்று பாருங்கள். அதிலும் இம்பார்ட்டன்ட் இருக்கிறதா? அதன் தலைக்கு மேல் சின்ன எழுத்தில் அட் குறி போட்டு லேயர் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா?

எடைமேடை கிராணி

இருக்கிறது தங்கச்சி! அட் லேயர், பக்கத்தில் யூட்டிலிட்டீஸ் என்று போட்டிருக்கிறது. வரியின் கடைசியில் இம்பார்ட்டன்டும் இருக்கிறது. இத்தனை நாளும் அந்த எழுத்து கண்ணில் பட்டும் நான் கவனிக்கவில்லை.

பீடோர்க்காரி, இப்போது பினாங்கு

அப்படியானால் விஷயம் இதுதான். உங்கள் கணக்கு தப்பில்லை, பழைய கணக்கு.

சிஎஸ்எஸ்ஸில் இரண்டு வரி மோதினால், ஐடி பெரிதா கிளாஸ் பெரிதா என்று பார்ப்பது கடைசிக்குக் கொஞ்சம் முன்னால்தான். அதற்கு முன்பே சில படிகள் இருக்கின்றன. அந்த வரி யாருடையது, இம்பார்ட்டன்ட் உண்டா, எந்த லேயரில் இருக்கிறது என்று வரிசையாகப் பார்த்து, எல்லாவற்றிலும் சமமாக நின்றால்தான் ஐடி, கிளாஸ் எண்ணிக்கைக்கே வரும். நீங்கள் ஐடியை நூறு தடவை எழுதினாலும், முந்தின படியிலேயே தோற்றுவிட்டால் அதை யாரும் எண்ண மாட்டார்கள்.

லேயர் 2022-இல் எல்லா முக்கிய உலாவிகளுக்கும் வந்துவிட்டது. தளம் செய்பவர் தன் வரிகளை அடுக்கு அடுக்காகப் பிரித்து, எந்த அடுக்குக்கு எது மேலே என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். எந்த லேயரிலும் இல்லாத சாதாரண வரி, லேயருக்குள் இருக்கும் சாதாரண வரியை எப்போதும் ஜெயிக்கும். ஆனால் இம்பார்ட்டன்ட் என்று வந்துவிட்டால் இந்த வரிசை அப்படியே தலைகீழாகும். லேயருக்குள் இருக்கும் இம்பார்ட்டன்ட், லேயருக்கு வெளியே இருக்கும் இம்பார்ட்டன்டை ஜெயிக்கும். இது பிழையல்ல, வேண்டுமென்றே வைத்த விதி. அடித்தள லேயரில் ஒருவர் "இதை மாற்றவே கூடாது" என்று எழுதினால், மேலே வருகிறவர் அதை மீற முடியாமல் இருக்கத்தான்.

ஸ்டைலஸ் உங்கள் ஷீட்டைப் பக்கத்துக்குள்ளேயே ஒரு ஸ்டைல் டேகாகச் செருகுகிறது. ஆகவே உலாவியின் கண்ணுக்கு அதுவும் தளக்காரர் எழுதியதுதான், லேயர் இல்லாமல் எழுதியது. அதனால்தான் தோற்றீர்கள்.

வழி சுலபம். உங்கள் வரிகளை அதே பெயருள்ள லேயருக்குள் போடுங்கள். அட் லேயர், யூட்டிலிட்டீஸ், அடைப்புக்குள் உங்கள் வரி, இம்பார்ட்டன்டோடு. ஒரே பெயர் என்றால் உலாவி இரண்டையும் ஒரே அடுக்காகச் சேர்த்துவிடும். அங்கே சமமாக நின்ற பிறகு, நீங்கள் முன்னால் சேர்த்த ஐடி வேலை செய்யும். பெயரில் புள்ளி வைத்து இரண்டு பாகமாக இருந்தால் முழுப் பெயரையும் எழுத வேண்டும்.

ஃபயர்பாக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் பலமான வழி ஒன்று உண்டு. ப்ரொஃபைல் கோப்புறையில் குரோம் என்ற பெயரில் ஒரு கோப்புறை வைத்து, அதில் யூசர்கன்டென்ட் சிஎஸ்எஸ் கோப்பைப் போட்டால், அது தளக்காரர் வரியாக இல்லாமல் பயனர் வரியாகவே கணக்காகும். பயனரின் இம்பார்ட்டன்ட், தளத்தின் எந்த இம்பார்ட்டன்டையும் ஜெயிக்கும், லேயர் இருந்தாலும். பார்வைக் குறை உள்ளவர்களை நினைத்துத்தான் கடைசிச் சொல்லைப் படிக்கிறவரிடம் கொடுத்திருக்கிறார்கள். 2019-இல் வந்த ஃபயர்பாக்ஸ் 69 முதல் இந்தக் கோப்பு தானாக ஏறாது, அபவுட் கன்ஃபிக் என்ற அமைப்புப் பக்கத்தில் லெகசி ஸ்டைல்ஷீட்ஸ் அமைப்பைத் திறந்துவிட வேண்டும். குரோமிலும் இப்படி ஒரு கோப்பு இருந்தது, 2014-இல் எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு.

எடைமேடை கிராணி

தங்கச்சி, மதியம் சோற்றை வைத்துவிட்டு முதலில் இதைத்தான் செய்தேன். லேயர் பெயரை எழுதிச் சேமித்த அந்த நொடியே பட்டியலில் நீலமும் ஆரஞ்சும் வந்துவிட்டன. மேலிருந்து கீழ் வரை பதினேழு டிக்கெட், மூன்று ஆரஞ்சு. கடைப் பையனைக் கூப்பிட்டுச் சரிபார்த்தேன். மூன்றும் மறுத்தவைதான்.

இன்னும் ஓர் இடம் மிச்சம். டிக்கெட்டை அழுத்தினால் விவரப் பெட்டி ஒன்று திறக்கும். அதற்குள் இருக்கும் புள்ளி மட்டும் மாறவில்லை. எஃப் 12-இல் பார்த்தால் என் வரி அடிபடக்கூட இல்லை, அங்கே என் வரியே காணோம். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கையில் ஷேடோ ரூட் என்று ஒரு சொல் வருகிறது.

பீடோர்க்காரி, இப்போது பினாங்கு

அடிபட்டிருந்தால் தோற்றது என்று அர்த்தம், காணவே இல்லை என்றால் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். இந்த வித்தியாசத்தைக் கவனித்துச் சொன்னீர்களே, அதனால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

ஷேடோ ரூட் என்பது அந்தப் பெட்டி தன்னைச் சுற்றிப் போட்டுக்கொண்ட வேலி. வெளியே எழுதும் சாதாரணச் செலக்டர், அதாவது எந்த உறுப்புக்கு நிறம் என்று காட்டும் பகுதி, எதுவும் உள்ளே போகாது, இம்பார்ட்டன்ட் போட்டாலும் போகாது. ஆனால் சிஎஸ்எஸ் வேரியபிள்கள், அதாவது மதிப்புகளுக்கு வைக்கும் பெயர்கள், வேலியைத் தாண்டும், ஏனென்றால் அவை தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிற குணம் உள்ளவை. உள்ளே அந்தப் புள்ளியின் நிறம் எண்ணாக இருக்கிறதா, வார் என்று தொடங்கி ஒரு வேரியபிள் பெயராக இருக்கிறதா என்று பாருங்கள். வேரியபிளாக இருந்தால், அதே பெயருக்குப் பக்கத்தின் உச்சியான ரூட்டில் (ஷேடோ ரூட் அல்ல) உங்கள் நிறத்தைக் கொடுங்கள். அவர்கள் அதை லேயருக்குள் சாதாரண வரியாக எழுதியிருந்தால் இங்கே இம்பார்ட்டன்ட் வேண்டாம். லேயருக்கு வெளியே இருக்கும் உங்கள் சாதாரண வரியே ஜெயிக்கும். முன்பு உங்களைத் தோற்கடித்த அதே விதி இப்போது உங்கள் பக்கம்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், கோல கங்சார்

தம்பி, நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவன். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் ஒரு பையனாவது இலையைச் செம்மண் நிறத்தில் தீட்டிவைப்பான். அது ஏன் என்று தெரியாமல் ஆரம்ப வருடங்களில் இரண்டு பேரைக் கண்டித்திருக்கிறேன். இன்றும் அது என் மனத்தை உறுத்துகிறது. அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நிறத்தை மாற்றியது சரி. நிறத்தை மட்டும் நம்பி ஏன் நிற்க வேண்டும்? இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூகாக் நெறிமுறையில் 1.4.1 என்ற விதி இருக்கிறது. ஒரு தகவலை நிறத்தால் மட்டும் சொல்லக் கூடாது என்பதுதான் அது. மூன்று நிலைகளில் மிக அடிப்படையான நிலையிலேயே அதை வைத்திருக்கிறார்கள். திரையை உரக்கப் படிக்கும் திரை வாசிப்பான் மென்பொருளுக்காக அந்தப் புள்ளியில் ஏரியா லேபிள் என்று ஒரு சொல் ஒளிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை வெளியே கொண்டுவரலாம். புள்ளிக்கு ஆஃப்டர் என்ற போலி உறுப்பைச் சேர்த்து, கன்டென்ட்டில் அட்ர் போட்டு ஏரியா லேபிளைக் கேளுங்கள். அந்தச் சொல்லே திரையில் வந்து நிற்கும். புள்ளி எஸ்விஜி படமாக இருந்தால் மட்டும் இது நடக்காது.

இன்னொரு நன்மையும் உண்டு. கலைந்த எழுத்துக் கிளாஸ் பெயர்கள் அடுத்த புதுப்பிப்பில் மறுபடியும் மாறும். ஏரியா லேபிளைப் பிடித்துச் செலக்டர் எழுதினால் அவ்வளவு சீக்கிரம் உடையாது.

ஆலைக்காரர்களுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். உங்களைப் போல் இன்னும் எத்தனை கிராணிகள் வாய் திறக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் நிறம் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ.

எடைமேடை கிராணி

சார், தங்கச்சி, இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

விவரப் பெட்டியில் நிறம் வேரியபிளாகத்தான் இருந்தது. ரூட்டில் இரண்டு வரி, இம்பார்ட்டன்ட் இல்லாமல். உடனே நீலம் வந்தது.

புள்ளி எஸ்விஜி இல்லை, வெறும் ஸ்பான் டேக். சார் சொன்னபடி அதில் ஏரியா லேபிள் இருந்தது, மலாயில். ஏற்றதற்குத் தெரிமா, மறுத்ததற்குத் தோலாக். இத்தனை காலமும் அந்தச் சொல் பக்கத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. அந்த அம்மா வந்து நின்ற அன்றைக்கும் இருந்திருக்கும் என்று நினைத்தபோது கை கொஞ்ச நேரம் விசைப்பலகையில் அப்படியே நின்றுவிட்டது.

அட்ர் போட்டதும் சொல் வந்தது, ஆனால் பத்துப் பிக்சல் புள்ளிக்கு வெளியே வழிந்து பக்கத்துக் கட்டத்தின் எடை எண்மேல் ஏறிக்கொண்டது. ஸ்பானின் அகலத்தையும் உயரத்தையும் ஆட்டோ ஆக்கி, உள்ளே ஐந்து பிக்சல் பேடிங் விட்டேன். அவர்களுடைய அகல வரியும் யூட்டிலிட்டீஸ் லேயரில் இம்பார்ட்டன்டோடு இருந்ததால், இதையும் அதே லேயருக்குள்தான் எழுத வேண்டியிருந்தது. ஆரஞ்சின் மேல் வெள்ளை எழுத்து மங்கலாக இருந்தது, கறுப்பாக மாற்றினேன். நீலத்தின் மேல் வெள்ளையே நன்றாக இருக்கிறது. செலக்டர்களை எல்லாம் ஏரியா லேபிளுக்கு மாற்றிவிட்டேன்.

பக்கத்தில் உட்காரும் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, தன் உலாவிக்கும் அதைப் போட்டுத் தரச் சொன்னார். அவருக்கு நிறமெல்லாம் நன்றாகத் தெரியும். சொல் இருந்தால் கண்ணாடி போடாமலே படிக்கலாமாம். அவருடைய கணக்கிலும் ஏற்றிக் கொடுத்தேன்.

கடிதத்தை நேற்று இரவு மலாயில் எழுதி, இன்று காலை ஆலைக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். 1.4.1 விதியைக் குறிப்பிட்டு, பழைய திரை, புதிய திரை இரண்டின் படத்தையும் இணைத்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். இப்போது ஒரு லோரி மேடையில் ஏறுகிறது, போக வேண்டும்.